குடை பிடித்த கை

எல்லைக் காட்டில் காணாமல் போன இன்ஸ்பெக்டர் கோதண்டபாணியை ஆராயும் முனைவர் பூவராகன், கீரை அரிந்துகொண்டிருந்த மாதம்மாளின் வீட்டுக்கும் எழுந்தருளினார். புலி தின்றது, கடத்தல்காரர்கள் புதைத்தார்கள், துறவியாகி வடக்கே போனார் என்று அவரிடம் மூன்று கோட்பாடுகள் இருந்தன. மூன்றுக்கும் தனித்தனியே பொன்னாடை வாங்கியாகிவிட்டது.

“இதுதாம்மா அவரோட கடைசிப் படம். என்ன கம்பீரம் பாரு!”

காட்டு முகப்பில் இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கியபடி நின்றார். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு அவருக்குக் குடை பிடித்தது. அதில் கட்டைவிரல் பாதிதான் இருந்தது. மாதம்மாள் அந்தக் கையையே பார்த்தாள்.

“இது யாருன்னு தெரியுங்களா சார்?”

“யாரோ வழிகாட்டிம்மா. கூடவே போனவன். அவன் நம்ம ஆராய்ச்சிக்குள்ள வரல.”

“சாயங்காலம் அனுப்பிடறோம்னுதான் எம்புருசனைக் கூட்டிட்டுப் போனாங்க. அவரையுந்தான் காணோம். எந்தப் புலி தின்னுச்சுன்னு ஒரு நாயும் வந்து கேக்கல.”

அவள் படத்தை அரிவாள்மனையில் வைத்து இழுத்தாள். குடையோடு கையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நீட்டினாள்.

“இந்தாங்க. உங்காளு வெயில்ல நிக்கட்டும்.”

முனைவர் அலறினார். “ஐயோ, அது ஒரே பிரதிம்மா! உலகத்துல வேற கிடையாது!”

“எனக்கும் அவரு ஒருத்தருதான் சார்.”