நான்கு கையெழுத்துகள்

“கதவைச் சாத்துங்க. யார் யார் வந்திருக்கோம்னு எழுதிடுறேன்,” என்றாள் லூபிங்கா.

ஜன்னலோரம் அவள், ஆற்றின் வடகரையிலுள்ள செர்பியப் பள்ளியின் எழுத்தர். எதிரே, பாலம் தாண்டித் தென்கரையிலிருந்து வந்த இரண்டு அல்பேனியர்கள்: ரொட்டிக்கடை ஷ்பெண்ட், செவிலி வியோசா. கதவோரம் ராங்கோ. அவனும் வடகரைக்காரன்தான். ஆனால், பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

“பேரு, கையெழுத்து, வீட்டு முகவரி. நிதி கொடுக்கிற ஆபீசுக்கு இந்தப் படிவம் நாலு மணித் தபால்ல போகலேன்னா பணம் நின்னுடும். நம்ம போனும் நின்னுடும்.”

எந்தக் கரையில் வதந்தி கிளம்பினாலும் இந்த நால்வரும் அந்தத் தொலைபேசியில்தான் மறுகரையில் உண்மையை விசாரித்துத் தங்கள் கரைக்குச் சொல்வார்கள். இரண்டு வருடமாக ராணுவ வண்டிகள் பாலத்துக்கு வராததற்கு அதுதான் காரணம்.

“நகல் நகராட்சிக்கும் போகுதே,” என்றான் ஷ்பெண்ட். “போன தடவை அங்கேருந்துதான் பட்டியல் கசிஞ்சது. வாசல்ல நின்ன என் வேனைக் கொளுத்திட்டாங்க.”

“வேன் எரியாமலே உன் ரொட்டி கருகித்தானே இருக்கும்,” என்றாள் வியோசா.

யாரும் சிரிக்கவில்லை. ராங்கோவையும் பார்க்கவில்லை. வேனைக் கொளுத்திய முகமூடிக் கூட்டத்தில் அவன் அண்ணன் இருந்தது ஊரறிந்த விஷயம்.

வியோசா லூபிங்காவிடம் திரும்பினாள். “பேரு மட்டும் போதாதா அக்கா? எங்க பேர்ல தென்கரையில நூறு பேர் இருக்காங்க. முகவரிதான் காட்டிக் கொடுக்கும். வீட்ல ரெண்டு பிள்ளைங்க எனக்கு.”

“காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா.”

நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முகவரிக் கட்டங்களில் மட்டும் யாருடைய பேனாவும் இறங்கவில்லை. மணி மூன்றரை.

ராங்கோ எழுந்தான். “இங்க கொடுங்க. முகவரிய நான் எழுதுறேன்.”

வியோசா சட்டென்று நிமிர்ந்தாள். “எங்க வீடு உங்களுக்குத் தெரியாதே.”

“தெரியணும்னு இல்ல.”

முதுகைக் காட்டி நின்றபடி எழுதினான். எழுதியதை மடித்து உறைக்குள் போட்டான்.

“அதை வெளியே எடு,” என்றான் ஷ்பெண்ட். “யார்கிட்ட கொண்டு போறே?”

“தபாலுக்குத்தான்.”

“சரிபாக்காம எதையும் நான் அனுப்புறதில்ல,” என்று லூபிங்கா உறையை வாங்கினாள். தாளைப் பிரித்தாள். இரண்டு முறை படித்தாள். தபால் வண்டி வாசலில் வந்து நின்றது.

நான்கு பெயர்களுக்கும் எதிரே ஒரே முகவரி: ராங்கோவும் அவன் அண்ணனும் சேர்ந்து குடியிருக்கும் வீடு. “இனி கசிஞ்சா கசியட்டும்,” என்று லூபிங்கா உறையை ஒட்டித் தபால்காரரிடம் நீட்டினாள்.