மீன் பாடம்

ஏரிக்கரைக் கல்லூரியில் மீன்பிடிப் பாடம் எடுத்தவர் ஒரு வயதான மீன்கொத்தி. கிளையில் அமர்ந்து அவர் நோட்ஸ் சொல்லச் சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். பக்கத்து வகுப்புக் கொக்கு வாத்தியாரோ பிள்ளைகளோடு தண்ணீரிலேயே நிற்பார். “இவர் எப்போது போர்ஷனை முடிப்பாராம்?” என்று மீன்கொத்தி கேலி பேசுவார்.

ஒருநாள் சின்ன மீன்கொத்தி ஒருத்தி எழுந்தாள்.

“சார், மீன் தெரிகிற இடத்தில்தான் பாய்கிறேன். அலகில் தண்ணீர்தான் வருகிறது. ஏன் சார்?”

தெரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே பாய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இறங்கிக் காட்ட ஒரு நொடி போதும்.

“அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா, உட்கார்” என்றார். வகுப்பே சிரித்தது.

அவள் முதல் வகுப்பில் தேறிப் போனாள். அந்தக் கேள்வி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கோடை விடுமுறையில் அவளைத் தேடிப் பறந்தார். ஒரு நெல் களத்தில், குருவிகளுக்கு நடுவே, இளைத்துப்போய் மணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏரிக்கு வாம்மா. அன்று நீ கேட்டதைக் காட்டித் தருகிறேன்.”

“வேண்டாம் சார். மீன் எனக்கு வராது. நெல்லே பழகிவிட்டது” என்றாள். அவர் முகம் வாடியதைப் பார்த்து, “ஆனால் உங்கள் நோட்ஸ் ஒரு வரிகூட மறக்கவில்லை சார்” என்று ஆசையாக ஒப்பிக்கத் தொடங்கினாள்.

போதும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடைசி வரி வரை கேட்டுக்கொண்டு நின்றார்.