மாவு மாத்திரை

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆளுக்கொரு மீன் பணிஸ் கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற தொட்டிலையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டுத்தான் கூட்டம்.

சுதர்ஷினி பணிஸைத் தின்னவில்லை. அவள் கண் எதிரே நின்ற ஜெயகாந்தனின் தோளில் இருந்தது. அங்கே சர்மிளாவின் மகள், தாயைப் போலவே மேடு தட்டிய நெற்றியோடு, விரல் சூப்பிக்கொண்டிருந்தாள்.

அத்தைக்காரி என்று பேர்தான். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை ஒரு தடவைகூட அவள் தூக்கியதில்லை. தூக்க விட்டால்தானே!

சர்மிளா, சுதர்ஷினியின் புருஷனுக்குத் தங்கச்சி. நாத்தனார் என்றுதான் பேர், இரண்டும் ஒரே தட்டில் ரொட்டி தின்றவை. ஒரே லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே அடுத்தடுத்த காம்பரா வீடு, ஒரே மலையில் கொழுந்து, போதாததற்கு ஒரே சமயத்தில் இரண்டு பேர் வயிற்றிலும் பிள்ளை. சொல்லி வைத்துக்கொண்டு உண்டானார்களா என்று லயமே கேலி பண்ணியது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஆராய்ச்சி டொக்டர்மார் பூண்டுலோயாவுக்கு வந்தார்கள்.

பிரஷர் ஏறிப் பிரசவ நேரத்தில் வலிப்பு வராமல் தடுக்கிற புது மாத்திரையாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது, எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வோம் என்றார்கள்.

எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நம் சனம் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

பேர் ஒட்டிய போத்தல் மாதாமாதம் வந்தது.

சுதர்ஷினி சுகமாகப் பெற்றாள். அடுத்த மாதம் சர்மிளாவுக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. பிள்ளையை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

கருமாதி அன்று ஜெயகாந்தன் சுதர்ஷினியின் வாசலில் நின்று கத்தினான்.

“நல்ல மருந்த நீங்க முழுங்கிட்டு, எம் பொண்டாட்டிக்கு மாவக் குடுக்க வச்சிட்டீங்களே!”

போத்தலைப் பங்கு போட்டது எங்கேயோ இருக்கிற டொக்டர்மார், ஏச்சு வாங்கியது இவள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் நியாயம் பேச முடியுமா? தன் பிள்ளை குடித்தது போக மார்பில் பால் கட்டி வலிக்க வலிக்க இவள் இந்தப் பக்கம் கிடந்தாள். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அந்தப் பச்சைமண் பால்மாவுக்கு அழுதது.

இன்று, யாருக்கு எது என்று சொல்ல வந்திருக்கிறார்கள்.

சர்மிளாவுக்குக் கொடுத்தது மாவு என்றால், இந்த ஜென்மத்தில் ஜெயகாந்தன் அந்தப் பிள்ளையைச் சுதர்ஷினியிடம் தரமாட்டான். மருந்து என்றால் இவள் மேல் பழி இல்லை, பிள்ளை மடிக்கு வந்துவிடும்.

இது தெரிந்தும் அவள், மாவாக இருக்கட்டும் முருகா, சர்மிளாவுடையது மாவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். புத்தியுள்ளவள் வேண்டுகிற வேண்டுதலா இது?

ஆராய்ச்சிக்காரரோடு வந்த ஹட்டன் பெண் டிலுக்‌ஷி மிஸ், ஜெயகாந்தனின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சர்மிளாவுக்கு மருந்துதாங்க போயிருக்கு. சுதர்ஷினிக்குத்தான் மாவு. மருந்து சாப்பிட்டா எல்லாரும் பொழச்சிருவாங்கன்னு சொல்ல ஏலாதுங்க.”

மருந்து சாப்பிட்டும் செத்தவள் என்று சர்மிளாவையும், மாவைத் தின்றும் பிழைத்தவள் என்று சுதர்ஷினியையும் கொழும்பில் கணக்கில் ஏற்றியாகிவிட்டதாம். ஆராய்ச்சிக்கு இரண்டுமே பிரயோசனம் என்று மிஸ் சொன்னாள். பிரயோசனப்படட்டும், யார் வேண்டாம் என்றது?

ஜெயகாந்தன் அப்படியே குத்தவைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு எழுந்து வந்து பிள்ளையைச் சுதர்ஷினியின் கையில் வைத்தான்.

“அக்கா, ஒங்கள வாய்க்கு வந்தபடியெல்லாம் ஏசிட்டேன். மன்னிச்சிருங்க. இனிமே இவளுக்கு நீங்கதான் அம்மா.”

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றாள் ஒருத்தி. ஆமாம், நன்றாகத்தான் திறந்தார்.

பிள்ளை கொஞ்சமும் பயப்படாமல் சுதர்ஷினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. மாசமாக இருந்தபோது ராப்பகலாக எரிந்த அதே எரிச்சல். வயிற்றுப் பிள்ளைக்கு முடி வளர்கிறது என்று அப்போது லயத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

முதல் போத்தல் வந்த கிழமை, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சர்மிளா ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை உள்ளே போனாலே நெஞ்சு எரிகிறது, பச்சைத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்று அழுதாள். சுதர்ஷினிக்குக் கொடுத்த மாத்திரை அவளை ஒன்றும் செய்யவில்லை. உப்பும் புளியும் கைமாறுகிற காம்பராக்கள்தானே, இதற்கு மட்டும் என்ன?

“எனக்கு எதுவும் ஒத்துக்கும் புள்ள. ஒன்னோட போத்தல இங்க தா, என்னோடத நீ சாப்புடு.”

மாதாமாதம் அந்தப் பீலியடியிலேயே மாற்றிக்கொண்டார்கள்.

முதல் தடவை மாற்றிய மறுநாளே சர்மிளாவுக்குக் குமட்டல் நின்றது. அண்ணிக்கு நல்ல கைராசி என்று லயமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.