பின்வரிசை வில்லா

யூச்சின் அக்கா கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் ரிசார்ட்டில் தங்க வந்தவருக்காக முன்வரிசை வில்லாவின் கண்ணாடிக் கதவை நான்தான் தள்ளித் திறந்தேன். சீனாவின் தென்கோடியில், இந்தச் சான்யாவில் ஜனவரியிலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். வடக்கே பனியில் விறைத்துப்போய் வருகிறவர்கள் இந்த இடத்தில் கடலைப் பார்த்ததும் கட்டாயம் ஒரு கத்து கத்துவார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நான் சாவியை அவர்கள் கையில் திணித்துவிடுவேன்.

இவர் தரையைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். வெளியே வந்துவிட்டார்.

காலையில் வந்த இரண்டு குடும்பங்களும் பக்கத்து ரிசார்ட்டுக்குப் போய்விட்டன. நான் வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. இவரும் இவர் கணவரும் போனால் மேலாளர் என்னையும் அவர்களோடு அனுப்பிவிடுவார்.

"பின்னாடி ஒரு வரிசை இருக்காமே?" என்றார் அக்கா.

இருக்கிறது. அங்கிருந்து கடல் தெரியாது, தென்னைமரங்கள்தான் தெரியும். கேட்கிறவர்களுக்கு மட்டும் காட்டுவோம். இதுவரை யாரும் கேட்டதில்லை.

இருவரையும் பேட்டரி வண்டியில் கூட்டிப்போனேன். விமான நிலையத்தில் கழற்றிய பஞ்சுக் கோட்டுகள் இன்னும் அவர்கள் மடியில் கிடந்தன. சும்மா போவானேன் என்று, பிள்ளைகள் எத்தனை என்று பேச்சுக் கொடுத்தேன்.

"ஒரே பொண்ணு. ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லாதவ."

பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாம் சொல்லவேண்டியதை நாமும் சொல்லிவிட வேண்டும்.

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா" என்றேன்.

அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கன்னம் மட்டும் கொஞ்சம் உப்பியது. சிரிக்கிறார் போலிருக்கிறது.

பின்வரிசை வில்லா வாசலில் அக்கா பூட்ஸைக் கழற்றினார். படுக்கையறையைப் பார்க்கவில்லை, நீச்சல் தொட்டியைப் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குள் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தார். டைல்ஸை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருந்த கோட்டில் கட்டைவிரலை வைத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓட்டினார்.

அவர் கணவர் லாவ் லுவான் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு கதவருகில் நின்றார்.

"கடலைப் பாக்க வந்தியா, கக்கூசைப் பாக்க வந்தியா?"

"வாயை மூடிட்டுத் தண்ணிய ஊத்து."

அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் எங்கும் தேங்காமல் மூலையிலிருந்த ஓட்டையைத் தேடிப் போய் இறங்கியது.

"என்னமோ போகுது" என்றார் அக்கா. "தண்ணி இறங்க வாட்டம் இன்னும் கொஞ்சம் குடுத்திருக்கலாம்."

அதோடு விட்டாரா? கதவோரம் வெட்டியது எலி கடித்த மாதிரி இருக்கிறதாம். குழாயைச் சுற்றி ஓட்டை வட்டமாக இல்லையாம். பூசிய கலவையின் நிறம் பிடிக்கவில்லையாம். பெண் பார்க்க வந்த மாமியார்கூட இத்தனை நொட்டை சொல்லமாட்டார்.

எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. இந்தச் சாக்கில் இவரை முன்வரிசைக்கே திருப்பிவிடலாம்.

"சரியாச் சொன்னீங்கக்கா. எவனோ கத்துக்குட்டி போட்டிருக்கான். வரிசையே கோணல். வாங்க, முன்னாடியே போயிடுவோம்."

லாவ் லுவானின் வாயில் விதை அப்படியே நின்றது.

அக்கா மெதுவாக எழுந்தார்.

"எங்க கோணல்?"

"இல்லக்கா, நீங்கதானே…"

"எங்க கோணல்னு காட்டு!"

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்காரவைத்தார். ரிசார்ட் சீருடையில், ஈரத்தில், தலையைத் தாழ்த்திப் பார்த்தேன். தினமும் காற்றாட இந்த அறையைத் திறந்துவிடுகிறேன். இப்படிப் பார்த்ததே இல்லை. சுவரில் இறங்கிவந்த கோடு தரையில் அப்படியே தொடர்ந்து, எதிர்ச்சுவரில் ஏறிப் போயிற்று. ஒரு கோடுகூட மயிரிழை விலகவில்லை.

"கோணல் இல்லக்கா" என்றேன்.

"நாங்க சொல்லலாம்மா. நீ சொல்லக் கூடாது" என்றார் லாவ் லுவான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "போன வருஷம் முழுக்க எங்க பொண்ணு இந்த வரிசையிலதான் டைல்ஸ் போட்டா. பொம்பளப் பிள்ளை சிமென்ட் கரண்டி பிடிக்கிறதான்னு எங்க ஊரே சிரிச்சுது."

"நீ சிரிக்கலையா?" என்றார் அக்கா.

"முதல்ல சிரிச்சவனே நான்தான்."

அவரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஈரத்தரையில் வெறுங்காலோடு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒருமுறை நடந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குளியலறையில் யாரும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

"இங்கேயே தங்குறோம்" என்றார் அக்கா. "கடல் எங்க போயிடப்போகுது, நாளைக்குப் பாத்துக்கலாம்."

பிறகு பஞ்சுக் கோட்டின் முனையால் ஒரு டைல்ஸைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஏதோ, சுமாராத்தான் போட்டிருக்கா."

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன்.

இந்த முறை மரியாதைக்காகச் சொல்லவில்லை.