மஞ்சள் கோடு

ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் முழுவதையும் சிமெண்டாலான செயற்கைப் பாறைக்குள் மறைக்கப்போகிறார்கள் என்று கேட்டதுமே அதைப் பராமரிக்கும் லூத்விக் வேலையைப் பாதியில் விட்டார். நேராகப் பூங்கா மேலாளர் கிராஷினாவின் அறைக்குப் போனார்.

“மூட வேண்டாம் மேடம்.”

“ஏன்? எலும்புக்கூடு மாதிரி நிக்குது. வார்சாவிலேர்ந்து ஆசையா வர்ற பிள்ளைங்க பாத்ததும் அழுதுங்க.”

“அறுபது மீட்டர் உயரம் மேடம். எது தாங்குதுன்னு கண்ணால பாத்தாத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்.”

“ஏன் இப்படிப் பதறுறீங்க? வேலை போயிடும்னு பயமா? போகாது சார். பாறைக்குள்ளேயே ஏணி வெச்சுத் தர்றோம்.”

ஏணி என்றதும் லூத்விக் ஓரடி பின்வாங்கினார். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு மஞ்சள் கோடு உண்டு. கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் பூங்கா திறக்கும் முன் தனியாக அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது பதினோரு வருஷமாக அவர் வேலை.

“வேண்டாம் மேடம். கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் பாதுகாப்பு.”

கிராஷினா யோசித்தாள். “நீங்க சொல்றதும் நியாயமாத்தான் படுது. சரி, மூடலை.”

லூத்விக்குக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ஆனா ஜனங்க உங்களையும் பாக்கட்டும். நாளையிலேர்ந்து பூங்கா திறந்தப்புறம் பத்து மணிக்கு உச்சி வரைக்கும் ஏறிச் சரிபாருங்க. மைக்ல சொல்லி எல்லாரையும் கீழே நிக்க வைக்கிறேன்.”

வெளியே வந்த லூத்விக் அண்ணாந்து உச்சியைப் பார்த்தார். ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே தலை சுற்றும் மனிதர் அவர். கோட்டுப் பையில் கைவிட்டு, பதினோரு வருஷமாகத் தரையில் நின்றபடியே அவர் மஞ்சள் கோடுகளைப் பார்த்துவந்த பைனாகுலரை இறுகப் பற்றிக்கொண்டார்.