நாலாம் நம்பர் வண்டி

ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூம் சூப்பர்வைசர், டிரிப் ரிஜிஸ்டரை வயர்லெஸ்காரரின் மேசையில் விரித்து வைத்தாள்.

"நாலாம் நம்பர் வண்டி மூணு நாளா ஏன் ரெண்டு கிலோமீட்டரைத் தாண்டவே இல்ல?"

அவர் தலையைச் சொறிந்தார். "அந்த டிரைவரோட வீட்டம்மாவுக்கு நிறைமாசம், மேடம். வண்டி பக்கத்துலயே இருக்கட்டும்னு நாங்களே பேசி வச்சுக்கிட்டோம்."

"அந்தம்மா வந்து கேட்டாங்களா?"

"கேக்கிற ரகமா அது? வாயைத் திறந்து ஒரு உதவி கேட்டதில்ல."

"ஊர்ல வேற யாருக்கும் ஆத்திர அவசரம் வராதா? பைபாஸ் முனையில வண்டியே இல்ல. நாலை இப்பவே அங்க அனுப்புங்க."

வயர்லெஸ்காரர் பெருமூச்சு விட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் தணிந்த குரலில் பேசினார்.

"அனுப்பியாச்சு, மேடம்."

ரிஜிஸ்டரை எடுக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. ஒரு கை மேசை விளிம்பைப் பற்றியது. இன்னொரு கை வயிற்றைத் தாங்கியது.

அடுத்த சீட்டுப் பெண்ணிடம் ஹெட்போனைக் கொடுத்துவிட்டு அவர் ஓடிவந்தார். "மேடம்! வலி வந்துடுச்சா?"

அவள் கண்கள் கலங்கின. "அவரைப் போய் அவ்வளவு தூரம் அனுப்பச் சொல்லிட்டேனே..."

"நான் அனுப்பினது ஆறாம் நம்பரை. உங்க வீட்டுக்காரர் கீழே வாசல்லதான் இருக்கார். எனக்கு மெமோ குடுக்கிறதா இருந்தா, பிள்ளையைப் பெத்துட்டு வந்து குடுங்க."

வலியோடு சிரித்தபடி அவள் கையை நீட்டினாள்.

"படி இறங்குற வரைக்கும் என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, அண்ணே."