சூப்பர் பில்டப் பொந்து

அந்தப் பெருநகரத்தில் பொந்துகள் உள்ள மரம் ஒன்றுதான் மிச்சம். அதற்குத் தரகர் ஒரு காகம். விலை அங்குலத்துக்கு ஒரு புழு.

"பன்னிரண்டு அங்குலப் பொந்தும்மா. இன்னைக்கு விட்டா நாளைக்கு விலை ஏறிடும்" என்றது காகம், வீடு தேடி வந்த சிட்டுக்குருவியிடம்.

குருவி உள்ளே நுழைந்து பார்த்தது. வால் வெளியே நின்றது.

"அண்ணே, இது நாலு அங்குலம்தானே இருக்கு?"

"உள்ளே நாலுதான். ஏறி வர்ற கிளை, வாசல்ல விழுற நிழல், தூரத்துல தெரியிற ஏரி, எல்லாத்துலயும் உனக்குப் பங்கு உண்டே! சேர்த்தா பன்னிரண்டு. இதுக்குப் பேரு சூப்பர் பில்டப்."

முட்டையிட இன்னும் இரண்டே நாள். குருவி பறந்துபோய் நாலு புழுவோடு திரும்பியது.

"மீதி எட்டு எங்கே?" என்றது காகம்.

"புழு நாலுதான் அண்ணே. அதுங்க ஊர்ந்த மண்ணு, நனைஞ்ச மழை, நான் பறந்த தூரம், எல்லாம் சேர்த்தா பன்னிரண்டு. இதுவும் சூப்பர் பில்டப்தான்."

காகம் திறந்த வாயை மூடுவதற்குள் குருவி பொந்துக்குள் போய்விட்டது. அடுத்த பொந்துக்காக வரிசையில் பின்னால் நின்ற மைனா, தான் கொண்டுவந்த பன்னிரண்டு புழுவில் எட்டை அவசரமாக விழுங்கத் தொடங்கியது.